இடமறிந்து ஏவல் செய்தல்

ஏவலாளன் எத்துணைத் திறமையுடையவனாயினும், தான் நிற்கும் இடத்தை அறியானாயின் அவன் வேலை பிழைபடுதல் திண்ணம். மனிதருக்குப் பொருந்தும் இவ்வுண்மை கணினிக்கும் பொருந்துவதாகும்.

விண்டோஸ் கணினியில் நாடோறும் செய்யும் வேலைகளைத் தாமாகவே நிகழச் செய்தற்கு எழுந்த மொழிகளுள் ஒன்று ஓட்டோஹொட்கீ. அது 2003ஆம் ஆண்டில் வெளிவந்தது. அம்மொழியிற் சில வரிகளை எழுதிவைத்தால், விசையொன்றை அழுத்திய மாத்திரத்தே பல வேலைகள் நிறைவேறும்.

ஓர் இலிகிதர் மாலைதோறும் அன்றைய கடிதங்களைப் பிரதிசெய்து வைக்க நிரலொன்றை எழுதுகிறார் என்க. கோப்புறையின் முகவரியில் அவர் தம் பெயரையே பொறித்துவிட்டால், அடுத்த மேசைக் கணினியில் அந்நிரல் பயன்படாது. அங்கே அப்பெயர் கொண்ட கோப்புறை இல்லையன்றோ?

இதற்குப் பரிகாரமாக அமைந்தவையே சூழல் மாறிகள். 1979இல் வெளிவந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பிலே தோன்றிய இம்முறை, பின்னர் விண்டோசிலும் இடம்பெற்றது. கணினி சில பெயர்களையும் அவற்றுக்குரிய செய்திகளையும் தன்னகத்தே வைத்திருக்கின்றது. ‘யூசர்புரொபைல்’ என்பது அப்போது வேலைசெய்பவரின் கோப்புறையைச் சுட்டும். ‘ரெம்ப்’ என்பது தற்காலிகக் கோப்புகள் தங்குமிடத்தைச் சுட்டும். ‘என்வ்கெட்’ என்னும் கட்டளையால் நிரல் இவற்றைக் கேட்டறியலாம். அங்ஙனம் எழுதிய நிரல் எந்த மேசைக்குச் சென்றாலும் அவ்விடத்து உரியவரை அறிந்து நடக்கும்.

எனினும் இங்கே விழிப்பு வேண்டும். கேட்ட பெயர் இல்லையாயின், ‘என்வ்கெட்’ வெறுமையையே விடையாகத் தரும். அவ்வெறுமையோடு ஒரு சாய்கோட்டைச் சேர்த்து ‘இங்குள்ள கோப்புகளை அழி’ எனப் பணித்தால், அப்பணி வட்டின் முகப்பிலுள்ள கோப்புகளின்மேற் பாயும். ஆதலின் விடை வெறுமையன்று என்பதை உறுதிசெய்த பின்னரே அழித்தலைத் தொடங்குதல் வேண்டும்.

முதற் பதிப்பில் இதற்கு மாறானதோர் இடரும் இருந்தது. நிரலில் ஒரு மாறி வெறுமையாயிருப்பின், அதே பெயருள்ள சூழல் மாறியின் செய்தி கேளாமலே வந்து புகும். தம் மாறிக்கு ‘ரெம்ப்’ எனப் பெயரிட்டவர், வெறுமையை எதிர்பார்த்த இடத்தில் ஒரு கோப்புறையின் முகவரியைக் கண்டார். ‘நோ என்வ்’ என்னும் பணிப்பை முதலில் எழுதி இதனைத் தடுத்தனர். 2022 டிசெம்பரில் வெளியான இரண்டாம் பதிப்பில் அவ்வழக்கம் அறவே நீக்கப்பட்டது.

‘என்வ்செட்’ என்னும் கட்டளையால் இம்மாறிகளை மாற்றவும் இயலும். ஆனால் அம்மாற்றம் அந்நிரலுக்கும், அதன்பின் அது தொடக்கிவிடும் நிரல்களுக்கும் மட்டுமே உரியது. முன்னரே திறந்திருப்பவை அதனை அறியா. நிரல் முடிந்ததும் கணினி பழைய நிலையிலேயே இருக்கும். பிள்ளைக்குக் கொடுத்தது அயலாருக்குச் சேராதது போன்றது இது. அப்பிள்ளைகள் அனைத்தையும் படிக்குமாதலின், இரகசியச் சொற்களை அங்கே வைப்பதற்கு முன் நன்கு சிந்தித்தல் நலம்.

எனவே, ஊகித்தலைவிடக் கேட்டல் நன்று. கேட்ட விடையை ஆராய்ந்து, பின்னர் ஏவுதல் அதனினும் நன்று.