கணக்குக் கேள்விக் கூட்டம்: யாருக்காக, எதற்காக?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



அடுத்த மாதத்திலிருந்து நம்ம கூட்டமைப்பில் கணக்குக் கேள்விக் கூட்டம் தொடங்குகிறோம். மாதாந்திரக் கூட்டத்துக்கு முன்னால ஒரு மணி நேரம். தகவல் போனதுமே பல ஊர்களிலிருந்து கேட்டாங்க. "பிள்ளைங்களுக்கு டியூஷனா?" "குழு நோட்டைத் தணிக்கை பண்ணப் போறீங்களா?" இரண்டும் இல்லை. இது யாருக்கு, எதுக்குன்னு இன்றைக்கே பேசி முடிவு பண்ணிக்கணும். இல்லேன்னா நாலு பேர் பேச, நாற்பது பேர் பார்த்துட்டுப் போற கூட்டமா ஆயிடும்.

எதுக்கு என்பதை ஒரு கணக்கு வழியாவே பார்ப்போம். 12,000 ரூபாய் கடன், 12 மாதம், ஒரு வட்டி. அதாவது நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய். வாங்கின முழுத் தொகைக்கும் கடைசி வரைக்கும் வட்டி போட்டா மாதம் 120, வருஷத்துக்கு 1,440 ரூபாய். இதைத்தான் பிளாட் வட்டி என்கிறாங்க. மாதம் ஆயிரம் அசல் கட்டி, மீதி நிற்கிற அசலுக்கு மட்டும் வட்டி போட்டா முதல் மாதம் 120, அடுத்து 110, அப்புறம் 100, இப்படியே குறைஞ்சு கடைசி மாதம் 10 ரூபாய். கூட்டிப் பாருங்க, 780 தான் வரும். இரண்டுக்கும் பேரு "ஒரு வட்டி" தான். வித்தியாசம் 660 ரூபாய். கையெழுத்துப் போடும்போது "இது எந்த வட்டி சார்?" என்று கேட்க வேண்டிய கேள்வி அது.

தண்டலைப் பாருங்க. கையில 8,500 தருவாங்க, தினம் 100 வீதம் நூறு நாள் கட்டணும். "1,500 தானே வட்டி" என்று நினைக்கிறோம். ஆனா முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டுகிறோமே! சராசரியா நம்ம கையில் நின்றது ஏறக்குறைய பாதிதான். அந்தப் பாதிக்கு மூணு மாசத்துக்குக் கொஞ்சம் மேலே 1,500 என்றால், மாதம் நூற்றுக்குப் பத்து ரூபாயைத் தாண்டுது.

"கைபேசியில கால்குலேட்டர் இருக்கே" என்று சிலர் சொல்றாங்க. இருக்கு. எந்த எண்ணை எதால் பெருக்கணும்னு அது சொல்லாது. நுண்கடன் தரும் நிறுவனங்கள் கடன் வாங்குறவருக்குப் புரியும் மொழியில் கடன் அட்டை தரணும், வருஷ வட்டி விகிதத்தை அதில் காட்டணும் என்று 2022-ல் ரிசர்வ் வங்கி விதி போட்டது. அட்டை பீரோவுக்குள்ள பத்திரமா இருக்கு. படிச்சுப் பார்த்தவங்க எத்தனை பேர்?

இப்ப யாருக்கு என்பது. கடன் வாங்குற, பால் ஊத்துற, துணி தைக்கிற, மனை அளக்குற நமக்கு. பள்ளிக்கூட வீட்டுப்பாடம் வேண்டாம் என்றதில் சில அம்மாக்களுக்கு வருத்தம். பத்தாவது படிக்கிற பிள்ளைங்க முன்னாடி உட்கார்ந்தா பெரியவங்க வாய் திறக்க மாட்டாங்க, அதனால்தான். பிள்ளையோட பாடம் தனக்குப் புரியணும் என்று ஒரு அம்மா கேட்டா, அது அவங்க கேள்வி, தாராளமா கேட்கலாம்.

கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன், 1911-ல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் கேள்விப் பகுதிக்கு ஒரு கணக்கு அனுப்பினார். வர்க்கமூலத்துக்குள்ள வர்க்கமூலமா முடிவில்லாமல் போகும். மாதக்கணக்கில் யாரும் விடை சொல்லவில்லை. அவரே சொன்னார், விடை 3! அப்போது அவருக்குப் பட்டமும் இல்லை, நிலையான வேலையும் இல்லை. அது கணக்குப் படித்தவர்களுக்கான இதழ்தான், ஆனாலும் பட்டம் கேட்காமல் கேள்வியைப் போட்டாங்க. நாமும் படிப்பைக் கேட்கப் போவதில்லை. எழுதத் தெரியாதவங்க வாயால் சொல்லலாம், ஊக்குநர் எழுதிக் கொள்வார். ஆனா ஊக்குநர் உடனே விடை சொல்லக் கூடாது. முதல்ல கேட்டவங்களும் பக்கத்தில இருக்கறவங்களும் போட்டுப் பார்க்கட்டும். நேரம் ஆகும், ஆகட்டும்.

கேள்வியில் தொகை, தவணை, நாள் இருக்கணும். "இந்தக் கடன் வாங்கலாமா?" என்பது உங்க குழுவில் பேச வேண்டியது, "வாங்கினா மொத்தம் எவ்வளவு கட்டுவேன்?" என்பது இங்கே. யார் கொடுத்தாங்க, யார் வாங்கினாங்க என்ற பேர் வேண்டாம். ஒரு பேர் வந்துட்டா கணக்கு பஞ்சாயத்தா மாறிடும். பாட்டிமார் சொல்ற விடுகதைக் கணக்குக்குக் கடைசிப் பத்து நிமிஷம் உண்டு. அதனால காசு மிச்சமாகாதுதான், இருந்தாலும் அதை விட எங்களுக்கு மனசில்லை.

முதல் கூட்டத்துக்குக் கடன் அட்டையை எடுத்து வாங்க. அட்டை இல்லாதவங்க வாங்கின தேதி, கையில் வந்த தொகை, கட்டுகிற தவணை மூணையும் ஒரு துண்டுச் சீட்டில் குறிச்சு வந்தால் போதும். பென்சிலும் தாளும் கூட்டமைப்பு தரும்.