சாமி மேடைக்குப் பின்னால் இருந்த போத்தல்



ஜொகூரில் கூலாய் பக்கம் ஒரு பழைய தோட்டத்து வீடு. அறுபது வயது அம்மா ஒருவருக்குப் புற்றுநோய் எலும்புவரை போய்விட்டது. தாதியாக நான் போய் நின்றபோது அவர் அழவில்லை. கட்டில் சட்டத்தை ஒரு கையால் இறுக்கிப் பிடித்திருந்தார். விரல் மூட்டெல்லாம் வெளுத்திருந்தது. "வலிக்குதாம்மா?" என்றேன். "பொறுத்துக்கிறேன் மிஸ்ஸி" என்றார்.

மருந்து எங்கே என்று கேட்டேன். முருகன் படத்துக்குப் பின்னாலிருந்து மார்ஃபின் போத்தலை எடுத்து வந்தார் மகன். மூடியே திறக்கவில்லை. "கடைசியில கொடுக்கலாம்னு வெச்சிருந்தோம்" என்றார்.

ஐயா, அந்தக் 'கடைசியில' என்ற சொல்லோடு சண்டை போடத்தான் இந்த மேடைக்கு வந்திருக்கிறேன்.

அளவறிந்து கொடுக்கும் மார்ஃபின் சாவை அழைத்து வருவதில்லை. வாய்வழி கொடுக்கும் மார்ஃபின் நீர் ஏறக்குறைய நான்கு மணி நேரம்தான் வேலை செய்யும். ஆகவே நான்கு மணி நேரத்துக்கு ஒரு வேளை, வலி தலைதூக்கும் முன்பே கொடுக்க வேண்டும். இடையில் வலி குத்தினால், டாக்டர் எழுதிய கூடுதல் வேளை இருக்கிறது. தொடக்கத்தில் வரும் குமட்டலும் தூக்கமும் பெரும்பாலும் சில நாளில் அடங்கிவிடும். மலச்சிக்கல் அடங்காது, முதல் நாளே மலமிளக்கி சேர்த்துக்கொள்ளுங்கள்.

மருந்து கொடுத்த முக்கால் மணி நேரத்தில் அந்த அம்மாவின் விரல்கள் தளர்ந்தன. தளர்ந்ததும் அவர் கேட்டது என்ன தெரியுமா? ஈபிஎஃப் சேமிப்புப் பணம் சின்ன மகளுக்குக் கிடைக்குமா என்று! 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் திறந்த சிசிலி சாண்டர்ஸ், தாதியாகத் தொடங்கி டாக்டரானவர், உடல் வலியோடு இப்படி மனக்கவலையும் சேர்ந்திருப்பதைத்தான் 'முழு வலி' என்றார். உடம்பு கத்திக்கொண்டிருக்கும்வரை மனத்தின் குரல் நமக்குக் கேட்பதில்லை.

நம் மலேசியச் சுகாதார அமைச்சு 2008இல் வலியை ஐந்தாவது உயிர்க்குறியாக்கியது. காய்ச்சலைப் பார்ப்பதுபோல் வலியையும் கேட்டு எழுத வேண்டும். 2019இல் நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கென்று தேசியக் கொள்கையும் வந்தது. ஜொகூர் பாருவில் வீடு தேடி வரும் நோய்த்தணிப்புத் தாதியரும் இருக்கிறார்கள். கூப்பிடுங்கள், சீக்கிரமே கூப்பிடுங்கள்.

வலி மட்டுமில்லை. மூச்சுத் திணறினால் தலைப்பக்கம் உயர்த்தி, ஜன்னலைத் திறந்து, காற்றாடியை முகத்தின் பக்கம் திருப்புங்கள். தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்டால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

இன்னொன்று. நினைவிழந்தவர் வாயில் பால் ஊற்றுவது நம் வழக்கம். விழுங்க முடியாதவருக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும். அந்த வீட்டில் கடைசி நாளன்று பால் தம்ளரோடு உறவுக்காரர்கள் சுற்றி நின்றார்கள். நான் மகனிடம் பஞ்சை நீட்டினேன். பாலில் தொட்டு, நன்றாகப் பிழிந்து, அம்மாவின் காய்ந்த உதட்டை ஓரத்திலிருந்து ஓரம்வரை மெல்ல ஈரமாக்கினார். ஒவ்வொருவராக வந்து அப்படியே செய்தார்கள். அம்மாவின் கை, விரிந்தபடி, சின்ன மகளின் மடியில் இருந்தது.