ஒப்படைக்கும் முன் விசாரித்த மன்னர்

 

மக்காவின் கொடுமை தாளாமல் முஸ்லிம்களில் ஒரு சாரார் ஹபஷாவுக்கு ஹிஜ்ரத் சென்ற வரலாற்றைப் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். அதில் ஒரு செய்தியை மட்டும் நாம் கூர்ந்து கவனிப்பதில்லை. அவர்களைத் திரும்பப் பிடித்து வர, குறைஷிகள் அம்ர் இப்னுல் ஆஸ் அவர்களை (அன்று அவர் இஸ்லாத்தை ஏற்றிருக்கவில்லை) அன்பளிப்புகளுடன் அனுப்பினர். அவர் முதலில் அரசவைப் பிரதானிகளைச் சந்தித்தார். அகதிகளிடம் ஒரு வார்த்தையும் கேட்காமலேயே ஒப்படைத்துவிடும்படி மன்னருக்கு ஆலோசனை சொல்ல அவர்களைச் சம்மதிக்க வைத்தார். நஜ்ஜாஷி மன்னரோ, அவர்களின் தரப்பைக் கேட்காமல் ஒப்படைக்க இயலாது என்று மறுத்தார். ஜஅஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்கள் சபையில் எழுந்து பேசினார்கள். அதன் பின்னரே முடிவு வந்தது. அன்பளிப்புகளும் திருப்பி அனுப்பப்பட்டன. அம்மன்னர் அன்று கிறிஸ்தவர் என்பதையும் மனதில் வையுங்கள்.

நம் தமிழ் மண்ணிலும் இதற்கு ஒப்பான நிகழ்ச்சி உண்டு. 1991இல் ராஜீவ் காந்தி படுகொலை செய்யப்பட்ட பின், இலங்கை அகதிகள் மீது ஐயமும் வெறுப்பும் பரவியிருந்தன. 1992 ஜனவரியில் அவர்களைத் திருப்பி அனுப்பும் பணி தொடங்கிற்று. "விருப்பத்துடன் செல்கிறோம்" என்று அகதிகள் கையொப்பமிட்ட படிவங்கள் ஆங்கிலத்தில் இருந்தன! பழ. நெடுமாறனும் மருத்துவர் ராமதாசும் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினர். அதே ஆண்டில் ஐ.நா. அகதிகள் ஆணையம் சென்னையில் அலுவலகம் திறந்து, திரும்பிச் செல்வோரின் விருப்பம் உண்மையானதுதானா என்று அறிய அனுமதிக்கப்பட்டது. ஊரே ஐயத்துடன் நோக்கிய காலத்தில் இருவர் முன்வந்ததை எண்ணிப் பாருங்கள்.

இன்றைய நிலையைப் பார்ப்போம். டெல்லியில் வேலை செய்துவந்த மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டக் கர்ப்பிணி ஒருவர், 2025 ஜூனில் வங்கதேசத்துக்குள் தள்ளப்பட்டார். தந்தை ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார். செப்டம்பரில் கொல்கத்தா உயர் நீதிமன்றம் அழைத்துவர உத்தரவிட்டது. டிசம்பரில்தான் மகனுடன் அவர் இந்திய மண்ணை மிதித்தார். வெளியே ஒருவர் ஓடி அலையாவிடில் அவர் கதி என்னவாகியிருக்கும்?

வெளிநாட்டவர் அல்லர் என்று நிரூபிக்கும் பொறுப்பைச் சட்டம் சம்பந்தப்பட்டவர் மீதே சுமத்துகிறது. ஆயினும் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு 'குடிமகன்' என்று கூறவில்லை. 'நபர்' என்றே கூறுகிறது. சக்மா அகதிகள் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதி செய்தது. கைது செய்யப்பட்டவரிடம் காரணம் கூறப்பட வேண்டும். 24 மணி நேரத்திற்குள் நீதிபதி முன் நிறுத்தப்பட வேண்டும். வழக்கறிஞரை அணுக விட வேண்டும். காவலில் இருப்பவருக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.

யாரையும் ஒளித்து வையுங்கள் என்று நான் கூறவில்லை. குற்றம் செய்தவரைச் சட்டம் விசாரிக்கட்டும். ஆனால் சேத்தியாத்தோப்பிலும் விருத்தாசலத்திலும் நெய்வேலியிலும் கட்டட வேலைக்கு வந்திருக்கும் வங்காள மொழி பேசும் இளைஞனைப் பார்த்தவுடன் 'வங்கதேசத்தான்' என்று வதந்தி கிளப்பாதீர்கள். அவன் முஸ்லிமா, இந்துவா என்றும் பார்க்காதீர்கள். 2004 சுனாமியின்போது பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் மீனவக் குடும்பங்களுக்குச் சோறு சமைத்தபோது மார்க்கம் விசாரிக்கவில்லை.

மஹல்லா நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். அத்தொழிலாளர்களின் ஆவண நகல்களை அவர்களின் சம்மதத்துடன் வாங்கி, ஊரிலுள்ள உறவினரின் எண்ணையும் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். வங்காளமோ இந்தியோ தெரிந்த ஒருவரைக் கண்டு வையுங்கள். வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பிய நம் பிள்ளைகளில் இந்தி பேசுவோர் எத்தனையோ பேர் இருக்கின்றனர். புரியாத தாளில் யாரும் கையொப்பமிடாதிருக்க, காவல் நிலையத்திற்கு உடன் செல்வதை அவர்களிடம் ஒப்படையுங்கள்.