சபையின் எழுப்புதலில் வாலிபரின் பங்கு

பழைய மாணவர் கூடுகையின் ஞாயிறு காலை நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்

 

"சபையின் எழுப்புதலில் வாலிபரின் பங்கு" என்ற பொருளில் பேச வேண்டும் என்று நம் செயலாளர் கேட்டுக்கொண்டார். எழுப்புதல் என்ற வார்த்தை நமக்குப் பழகிப்போன வார்த்தை. சுவரொட்டியில் பார்க்கிறோம், கன்வென்ஷன் பந்தலில் கேட்கிறோம். ஆனால் வார்த்தையின் நேர் அர்த்தத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வீட்டுக்கு வெளியே இருப்பவனை அழைக்க வேண்டும். வீட்டுக்குள்ளே பாய் விரித்துத் தூங்குகிறவனைத்தான் எழுப்ப வேண்டும். ஆகவே எழுப்புதல் என்பது முதலாவது சபைக்குள்ளே இருக்கிற நமக்கு உரியது. ஞானஸ்நானம் பெற்று, திடப்படுத்தல் எடுத்து, சந்தா கட்டி, கோயிலில் நமக்கென்று ஒரு பெஞ்சையும் பிடித்து வைத்திருக்கிற நமக்கு உரியது.

இந்த வேலையில் வாலிபருக்கு என்ன பங்கு? வேதாகமத்தில் யோசியா ராஜாவைப் பாருங்கள். எட்டு வயதில் சிங்காசனம் ஏறியவர். பதினாறு வயதில் தேவனைத் தேட ஆரம்பித்தார். இருபது வயதில் தேசத்தைச் சுத்திகரிக்கத் தொடங்கினார். இருபத்தாறு வயதில் ஆலயத்தைப் பழுதுபார்க்க ஆள் அனுப்பினார். அந்த வேலை நடக்கும்போதுதான் நியாயப்பிரமாண புஸ்தகம் கிடைத்தது. அதைக் கண்டெடுத்தவர் ஆசாரியனாகிய இல்க்கியா. அதன் பொருளைத் தெளிவாய்ச் சொன்னவள் உல்தாள் என்ற தீர்க்கதரிசினி. வாலிபன் வேலையைத் தொடங்கினான், ஆசாரியர் புஸ்தகத்தைக் கண்டெடுத்தார், ஒரு பெண் அர்த்தம் சொன்னாள். ஒருவரை விட்டு ஒருவர் செய்யவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு சரித்திரத்துக்கு வருவோம்.

1806-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வில்லியம்ஸ் கல்லூரி. ஐந்து மாணவர்கள் ஜெபிக்கிறதற்காக வயல்வெளிக்குப் போகிறார்கள். இடியும் மழையும் பிடித்துக்கொள்கிறது. பக்கத்தில் இருந்த ஒரு வைக்கோல் போரின் அடியில் ஒதுங்குகிறார்கள். அங்கே உட்கார்ந்து ஆசியாக் கண்டத்து மக்களைப்பற்றிப் பேசி, ஜெபம் பண்ணுகிறார்கள். சாமுவேல் மில்ஸ் என்ற மாணவர்தான் முன்னின்றவர். கூட்டம் அவ்வளவுதான். பந்தல் இல்லை, மேடை இல்லை, பிரசங்கியார் இல்லை.

ஆனால் நான்கு வருஷத்தில், 1810-ல், அந்த மாணவர் வட்டத்தின் தூண்டுதலால் அமெரிக்கன் போர்டு என்ற மிஷன் சங்கம் பிறந்தது. வைக்கோல் போரடியில் உட்கார்ந்த ஐந்து பேரில் ஒருவரான ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ் 1816-ல் இலங்கை வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்து, 1822-ல் அங்கேயே காலமானார். 1823-ல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கியது. 1834-ல் யாழ்ப்பாணத்திலிருந்து மிஷனெரிமார் மதுரைக்கு வந்தார்கள். இன்று மதுரையைச் சுற்றியுள்ள எத்தனையோ பள்ளிக்கூடங்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் வேர் எங்கே என்று தோண்டிக்கொண்டே போனால், மழைக்கு ஒதுங்கிய அந்த ஐந்து மாணவர்களிடத்தில் போய் நிற்கும்.

கதை அத்தோடு முடியவில்லை. 1902-ல் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஒரு வாலிபர் யாழ்ப்பாணம் போனார். வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்தவர், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர், ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக வேலை பார்த்தவர். பெயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசைப் போட்டு, கடலுக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டுக்கு ஊழியக்காரரை அனுப்பித் தாங்குவதை அவர் கண்டார். அது அவர் மனதில் தைத்தது. "அவர்களால் முடிகிறது, நம்மால் ஏன் முடியவில்லை? எத்தனை ஆயிரம் கிறிஸ்தவர்கள் திருநெல்வேலியில் இருக்கிறோம்!" என்ற கேள்வி அவரை விடவில்லை.

ஊர் திரும்பினார். 1903 பிப்ரவரி 12-ந் தேதி பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் உருவாயிற்று. அப்போது அவருக்கு வயது 28. நம் ஆட்கள், நம் பணம், நம் நிர்வாகம் என்பது அதன் கொள்கை. நிஜாம் ராஜ்யத்தில், தெலுங்கு பேசுகிற தோர்ணக்கல் பகுதியை ஊழியத்துக்குத் தெரிந்துகொண்டார்கள். 1905 கிறிஸ்துமஸ் தினத்தில் சேராம்பூரில் நேஷனல் மிஷனெரி சொசைட்டி தொடங்கியதிலும் அசரியாவுக்குப் பெரிய பங்கு உண்டு.

மற்றவர்களை அனுப்பி வைத்துவிட்டு அவர் சும்மா இருக்கவில்லை. 1909-ல் உத்தியோகத்தை விட்டுத் தாமே தோர்ணக்கல் போனார். தெலுங்கு கற்றுக்கொண்டார். 1910-ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மகாநாட்டில், வெள்ளைக்கார மிஷனெரிகளுக்கும் நம் மக்களுக்கும் நடுவில் உண்மையான நட்பு இல்லையே என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார். மாலா, மாதிகா என்று ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த மக்கள் நடுவிலேதான் 1945-ல் மரிக்கும் வரைக்கும் அவருடைய ஊழியம் நடந்தது.

நண்பர்களே, இந்தச் சங்கிலியை ஏன் இவ்வளவு விவரமாய்ச் சொல்லுகிறேன்? ஓர் எழுப்புதல் உண்மையானதா என்று எப்படிக் கண்டுகொள்வது என்று பலர் கேட்கிறார்கள். எத்தனை பேர் அழுதார்கள், எவ்வளவு சத்தமாய் ஜெபித்தார்கள் என்று பார்த்தால் தெரியாது. அதற்குப் பிறகு யாருடைய பாரத்தை யார் தோளில் எடுத்துக்கொண்டார்கள் என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இன்னொரு காட்சி. 1905-ல் புனே பக்கத்தில் கேட்காவ் என்ற ஊரில் பண்டித ரமாபாய் நடத்தின முக்தி மிஷனில் பெரிய எழுப்புதல் உண்டாயிற்று. அங்கே ஜெபித்தவர்கள் யார்? பஞ்சத்திலிருந்து காப்பாற்றப்பட்ட சிறுமிகள், இளம் விதவைகள். சமுதாயம் வேண்டாம் என்று தள்ளின பெண்கள். அவர்கள் குழுக்களாய்ப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய்ச் சுவிசேஷம் சொன்னார்கள். ரமாபாய் வேதாகமத்தை மராத்தியில் மொழிபெயர்த்தபோது அதை அச்சடித்ததும் அந்த முக்தி அச்சுக்கூடத்துப் பெண்கள்தான். முழங்காலில் நின்ற அதே பெண்கள் அச்சுக்கூடத்திலும் நின்றார்கள். "பொம்பளைப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று இன்னும் சொல்லுகிற சபைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

எச்சரிக்கையாகவும் ஒன்று சொல்ல வேண்டும். 1904-ல் வேல்ஸ் தேசத்தில் வந்த எழுப்புதலைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து, பிறகு ஊழியத்துக்குப் படிக்கப் போன ஈவான் ராபர்ட்ஸ் என்ற 26 வயது வாலிபர், தம் சொந்தச் சபைக்குத் திரும்பி வந்து, போதகரிடம் அனுமதி பெற்று, வாலிபர்களைக் கூட்டி ஜெபித்தார். தேசமே அசைந்தது. பழைய கடன்களைத் தேடிப்போய்க் கொடுத்தார்கள், பகையாளிகள் ஒப்புரவானார்கள். அந்தச் செய்தி வேல்ஸ் மிஷனெரிமார் வழியாய் நம் நாட்டுக் காசி மலைகளுக்கும் வந்து, 1905-ல் அங்கேயும் எழுப்புதல் உண்டாயிற்று. ஆனால் ராபர்ட்ஸ் ஓய்வு உறக்கம் இல்லாமல் உழைத்து, 1906-க்குள் உடலும் மனமும் தளர்ந்து பொது ஊழியத்திலிருந்து விலகிவிட்டார். ஒரே வாலிபன் தலையில் எல்லாப் பாரத்தையும் வைத்து, அவனைத் தாங்கவும் தடுக்கவும் பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் இப்படித்தான் ஆகும். தம்பிமாரே, உபவாசம் நல்லது. முழு இரவு ஜெபமும் நல்லது. தூங்குவதும், பரீட்சைக்குப் படிப்பதும் ஆண்டவருக்குப் பிரியமான காரியங்களே.

நம் காலத்துக்குக் கிட்ட ஓர் உதாரணம் சொல்லுகிறேன். 1959-ல் தமிழ்நாட்டு வாலிபர் சிலர் சிறு சிறு ஜெபக்குழுக்களாய்க் கூட ஆரம்பித்தார்கள். அதுவே நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு. ஜெபிக்கத் தொடங்கியவர்கள் பின்பு போகவும் தொடங்கினார்கள். தமிழ்நாட்டு மலைக் கிராமங்களிலும் வடமாநிலங்களிலும் ஆதிவாசி மக்கள் நடுவில் போய்த் தங்கினார்கள். போகாதவர்கள் ஊரில் இருந்துகொண்டு, தங்கள் சம்பளத்தில் ஒரு பங்கை எடுத்து வைத்து அவர்களைத் தாங்கினார்கள். நம் ஊர்களில் பல சேகரங்களில் இப்படிப்பட்ட குழுக்களை இன்றும் காணலாம். ஆசிரியர், தபால்காரர், வீட்டிலிருக்கும் தாய்மார் என்று சாதாரண மக்கள்தான்.

இனி நம்மைப்பற்றிப் பேசுவோம். முதலில் என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நாம்தான் இன்று சேகர கமிட்டியில் இருக்கிறோம். ஆலயக் கணக்கும் தேர்தலும் நம் கையில் இருக்கிறது. பல இடங்களில் வழக்கும் நம் கையில்தான் இருக்கிறது. "நேத்துப் பிறந்த பையன், இவனுக்கு என்ன தெரியும்?" என்று கேட்கிறோம். பிறகு, "வாலிபர் ஏன் கோயிலுக்கு வருவதில்லை?" என்றும் நாமே கேட்கிறோம். பாட்டுப் பாடவும், அசனத்துக்குப் பந்தி பரிமாறவும், நாற்காலி தூக்கவும் அவர்கள் வேண்டும். தீர்மானம் எடுக்கும்போது வேண்டாம். எழுப்புதல் வேண்டும் என்று ஜெபித்துவிட்டு, வீட்டில் கல்யாணப் பேச்சு வந்தால் முதலில் சாதியை விசாரிக்கிறோம். நம் பிள்ளைகள் இதைப் பார்க்காமலா இருக்கிறார்கள்? இருபது வயதில் சபையை விட்டு விலகுகிற பலர் ஆண்டவரை வேண்டாம் என்று போகவில்லை. நம் சண்டையைப் பார்க்கச் சகியாமல் போகிறார்கள்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு மூன்று காரியங்கள் சொல்லுகிறேன். முதலாவது, ஐந்து பேர் போதும். கூட்டம் சேரட்டும் என்று காத்திருக்காதீர்கள். விடுதி அறையில் வாரம் ஒரு நாள், வேதத்தைத் திறந்து வைத்து, ஒருவரையொருவர் பெயர் சொல்லி ஜெபியுங்கள். இரண்டாவது, ஜெபம் முடிந்தவுடன் ஒரு வேலையை எடுங்கள். பக்கத்துச் சேரிப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக் கொடுங்கள். விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு ஊர் ஊராய்ப் போங்கள். துணையில்லாத ஒரு முதியவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். காப்பி அடிக்காமல் பரீட்சை எழுதுவதும், வரதட்சிணை வாங்க மாட்டேன் என்று அப்பா அம்மாவிடம் மரியாதையாய்ச் சொல்லுவதும் எழுப்புதலைச் சேர்ந்ததே. அந்தக் கடைசிக் காரியம் முழு இரவு ஜெபத்தைவிடக் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். மூன்றாவது, உங்கள் சொந்தச் சபையை விட்டு ஓடாதீர்கள். அங்கே குளிர்ந்து கிடக்கிறது என்றால், அனலோடு இருக்கிறவன் அங்கேதானே இருக்க வேண்டும்? குருவானவரிடம் போய், "ஐயா, இதைச் செய்யலாமா?" என்று கேளுங்கள். முதல் தடவை வேண்டாம் என்பார். கோபப்படாமல் மறுபடியும் போங்கள்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். இந்தக் கூடுகையில் நாம் பழைய கதைகளைப் பேசிச் சிரித்தோம், படம் எடுத்தோம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகும்போது, பழைய மாணவர் ஒவ்வொருவரும் ஒரு மாணவரையோ மாணவியையோ பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். ஊர், பெயர் விசாரித்த பிறகு, "உன் சபையில் நீ என்ன செய்ய ஆசைப்படுகிறாய்? நான் எதில் உனக்குத் துணை நிற்க வேண்டும்?" என்று கேளுங்கள். பதிலைக் குறுக்கே பேசாமல் கேளுங்கள். அடுத்த கூடுகைக்கு வரும்போது, அந்தப் பிள்ளையையும் அது தொடங்கின வேலையையும்பற்றி நம்மில் பத்துப் பேராவது எழுந்து சாட்சி சொல்ல முடிந்தால், இந்தக் காலை வீணாய்ப் போகவில்லை.

கர்த்தர் நம் கல்லூரியையும், நம் சபைகளையும், நம் வாலிபரையும் ஆசீர்வதிப்பாராக.