ஜோக்கர் சீட்டின் கணக்கு



சூதாட்டம் தீது என்று சொல்ல யாரும் வானொலிக்கு வர வேண்டியதில்லை. தருமரின் கதை தெரியாத தமிழ்க் குடும்பம் இல்லை. வள்ளுவரும் திருக்குறளின் 94ஆம் அதிகாரத்திற்குச் சூது என்றே பெயர் வைத்தார். எனவே இன்றைய பேச்சில் நாம் அறிவுரை சொல்லப் போவதில்லை. கணக்குப் போடப் போகிறோம். பென்சிலும் ஒரு துண்டுத் தாளும் கையில் இருந்தால் நல்லது. வீட்டில் ஆறாம் ஆண்டு படிக்கும் பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

கிள்ளான், காப்பார், மேரு, கேரித் தீவு என்று நம் வட்டாரத்தில் எந்தப் பக்கம் போனாலும் ஒரு பேச்சு காதில் விழுகிறது. "மற்ற மிஷின்களில் அதிர்ஷ்டம்தான் உண்டு. சீட்டு மிஷின் அப்படியல்ல. அதில் மூளைக்கு வேலை உண்டு. ஜோக்கர் வைத்த மிஷினாக இருந்தால் ஜெயிப்பது இன்னும் சுலபம்" என்கிறார்கள். ரம்மி ஆடிப் பழகியவர்களுக்கு இது உண்மைபோலவே தோன்றும். இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு மயக்கம் என்பதைத்தான் நாம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் அந்த மிஷின் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வோம். வீடியோ போக்கர் எனப்படும் இந்தச் சீட்டு மிஷின் 1970களின் இறுதியில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் பரவத் தொடங்கியது. காசைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால் திரையில் ஐந்து சீட்டுகள் வரும். வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததைத் தள்ளலாம். தள்ளிய இடத்தில் புதுச் சீட்டு வரும். ஒரே எண்ணில் மூன்று, வரிசையாக ஐந்து, ஒரே இனத்தில் ஐந்து என்று சேர்ந்தால் பலகையில் எழுதியபடி பணம் கிடைக்கும்.

இதிலே ஒரு வகையில், நான்கு "இரண்டு"களும் ஜோக்கர்கள். இரண்டு வந்தால் அதை எந்தச் சீட்டாகவும் வைத்துக்கொள்ளலாம். கேட்கும்போதே ஆசை வருகிறதல்லவா? இந்த ஆசைக்குத்தான் கணக்குப் போட வேண்டும்.

வகுப்பில் பிள்ளைகளுக்கு நாங்கள் ஒரு விளையாட்டுச் சொல்லிக் கொடுப்பதுண்டு. ஒரு பையில் 52 ரப்பர் கொட்டைகளைப் போடுங்கள். அவற்றில் நான்குக்கு மட்டும் சிவப்புச் சாயம் பூசிவிடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஐந்து கொட்டைகளை எடுத்து, சிவப்பு எத்தனை என்று எழுதிவிட்டு, மறுபடியும் பையில் போட்டுக் குலுக்குங்கள். நூறு தடவை செய்தால், ஏறத்தாழ 66 தடவை ஒரு சிவப்புக் கொட்டைகூட வராது. ஏறத்தாழ 30 தடவை ஒன்று வரும். இரண்டோ அதற்கு மேலோ வருவது நூற்றுக்கு நான்கு தடவைதான். நான்கும் ஒரே பிடியில் வருவதற்கு 54,145 பிடிகளுக்கு ஒரு வாய்ப்பு. பிள்ளைகள் கை சலித்துப் போவார்கள். நான்கு சிவப்பையும் ஒரே பிடியில் பார்க்க மாட்டார்கள்.

ஆக, மூன்று ஆட்டத்தில் இரண்டு ஆட்டம் ஜோக்கரே இல்லாமல்தான் கை தொடங்குகிறது. இது முதல் பாடம்.

இரண்டாவது பாடம் பலகையில் இருக்கிறது. ஜோக்கர் இல்லாத சாதாரண மிஷினில், நல்ல பலகையாக இருந்தால், ஒரே எண்ணில் நான்கு சேர்ந்தால் ஒன்றுக்கு 25 கிடைக்கும். மூன்றும் இரண்டும் சேர்ந்தால் 9. ஒரே இனத்தில் ஐந்து வந்தால் 6. மூன்று சேர்ந்தால் 3. இரண்டு ராஜா வந்தாலே போட்ட காசு திரும்பி வரும். ஜோக்கர் மிஷினில் மிக நல்ல பலகையைப் பாருங்கள். 25 என்றது 5 ஆகிவிடுகிறது. 9 என்றது 3. 6 என்றது 2. 3 என்றது 1. இரண்டு ராஜாவுக்கு ஒன்றுமே இல்லை. ஜோக்கர் ஒரு கையால் கொடுப்பதைப் பலகை மறு கையால் எடுத்துக்கொள்கிறது. பசாரில் தராசுத் தட்டில் கூடுதலாகக் காயை வைத்துவிட்டு விலையை ஏற்றிச் சொல்லும் வியாபாரம் போன்றதுதான் இது.

அந்த மிக நல்ல பலகையில்கூட, தவறே செய்யாமல் ஆடினால், நூறு ஆட்டத்தில் ஏறத்தாழ 55 ஆட்டத்தில் ஒன்றும் கிடைப்பதில்லை. ஏறத்தாழ 28 ஆட்டத்தில் மூன்று சேர்ந்து, போட்ட காசு மட்டும் திரும்புகிறது. அப்போதும் மிஷின் மணியடித்து, விளக்குப் போட்டு, நாம் ஜெயித்ததுபோலக் கொண்டாடுகிறது. உண்மையில் நம்முடைய ஒரு வெள்ளி நம்மிடமே வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, மூளைக்கு வேலை உண்டு என்கிறார்களே, அது பொய்யா? பொய்யில்லை. சரியாக ஆடுவதற்கு முறை உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம்.

இரண்டை ஒருபோதும் தள்ளக் கூடாது. இது முதல் விதி. ஒரு இரண்டோடு வேறு வேறு இனத்தில் ராஜா, ஒன்பது, ஏழு, நாலு என்று வந்தால், ராஜாவைப் பெரிய சீட்டு என்று வைத்துக்கொள்ளாமல், இரண்டை மட்டும் வைத்து மற்ற நான்கையும் மாற்ற வேண்டும். கையில் இரண்டு இல்லை, வேறு எதுவும் சேரவும் இல்லை என்றால், ராஜாவும் ராணியும் வேறு வேறு இனத்தில் இருந்தாலும் ஐந்தையும் தள்ள வேண்டும். ராஜா ஜோடிக்கு இங்கே காசு இல்லையே! ரம்மி ஆடிப் பழகிய கை இதற்கு ஒப்பாது. பெரிய சீட்டைப் பிடித்துக்கொள்ளவே பார்க்கும். அங்கேதான் காசு போகிறது.

இன்னொரு கணக்கு. கையில் இரண்டு ஜோடிகள் வந்திருக்கின்றன. இரண்டாம் எண் சீட்டு இல்லை. இரண்டு ஜோடியையும் வைத்து ஒரு சீட்டை மாற்றலாமா, அல்லது ஒரு ஜோடியைத் தள்ளிவிடலாமா? மீதிச் சீட்டுகள் 47. அவற்றில் நமக்கு உதவுபவை எட்டு: ஜோடிகளுக்குப் பொருந்தும் சீட்டுகள் நான்கு, ஜோக்கர்கள் நான்கு. பலகை 3 கொடுத்தால், 8 பெருக்கல் 3, வகுத்தல் 47. வெள்ளிக்கு 51 காசு. ஒரு ஜோடியை மட்டும் வைத்து மூன்று சீட்டை மாற்றினால், அந்த மிக நல்ல பலகையில் சராசரி ஏறத்தாழ 56 காசு. ஆகவே ஒரு ஜோடியைத் தள்ளுவதே சரி. ஆனால் வேறொரு மிஷினில் பலகை 3க்குப் பதிலாக 4 கொடுத்தால், இரண்டு ஜோடியின் மதிப்பு 68 காசாகிவிடும். அங்கே இரண்டையும் வைத்துக்கொள்வதே சரி. பார்த்தீர்களா? ஆடும் முறையை முடிவு செய்வது நம்முடைய கைராசியோ கனவோ அல்ல. பலகையில் உள்ள ஓர் எண்.

பலகையைப் படிக்கத் தெரியாதவருக்கு இந்த மிஷினில் மூளைக்கு வேலையே இல்லை. படிக்கத் தெரிந்தவருக்கு என்ன கிடைக்கிறது? இதுதான் முக்கியமான கேள்வி.

நெவாடாவில் கணக்கறிந்தவர்கள் தேடித் தேடி ஆடிய அந்த மிக நல்ல பலகையில், ஒரு தவறும் செய்யாமல் ஆடினால், நீண்ட காலத்தில் நூறு வெள்ளிக்கு 100 வெள்ளி 76 காசு திரும்பும். ஆம், ஆடுபவருக்கு 76 காசு லாபம். ஆனால் அந்த லாபம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். ஜோக்கர் உதவியில்லாமல் ஒரே இனத்து ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, பத்து என்று ஐந்தும் சேர்ந்தால் ஒன்றுக்கு 800. அது வருவது ஏறத்தாழ 45,000 ஆட்டத்துக்கு ஒருமுறை. அந்த ஒன்றைக் கழித்துவிட்டால் நூறுக்கு 99தான் மிஞ்சுகிறது. மணிக்கு 500 ஆட்டம் ஆடுவதாக வைத்துக்கொண்டாலும் 45,000 ஆட்டத்துக்கு 90 மணி நேரம் வேண்டும். அதுவரைக்கும் கைப்பணம் கரைந்துகொண்டே இருக்கும். அதுவும் அந்த 800 கிடைப்பது ஒவ்வோர் ஆட்டத்திலும் ஐந்து பங்கு காசு போடுபவருக்கு மட்டுமே.

இப்போது பலகையில் ஒரே ஓர் எண்ணை மாற்றுவோம். ஒரே எண்ணில் நான்கு சேர்ந்தால் 5 என்றிருந்ததை 4 ஆக்கிவிடுவோம். திரையைப் பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் இந்தச் சேர்க்கை நூறு ஆட்டத்தில் ஆறு ஏழு தடவை வருகிறது. ஆகவே நூறு வெள்ளிக்கு ஆறு வெள்ளிக்கு மேல் குறைந்து, திரும்புவது 94 ஆகிவிடுகிறது. நூறுக்கு மேல் 76 காசு லாபம் என்றது, நூறுக்கு ஆறு வெள்ளி நஷ்டமாக மாறிவிட்டது. மாற்றியது ஒரே ஓர் எண்தான்!

இந்த ஆறு வெள்ளியை நம்முடைய சம்பளத்தோடு வைத்துப் பார்ப்போம். ஓர் ஆட்டத்துக்கு ஒரு வெள்ளி. மணிக்கு 500 ஆட்டம். வெள்ளிக்கு ஆறு காசு போனால் மணிக்கு 30 வெள்ளி போகிறது. 2025ஆம் ஆண்டு முதல் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. 26 நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 65 வெள்ளி. விடியற்காலை பிரட்டுக்குப் போய், மழையிலும் சேற்றிலும் குலை சுமந்து, உச்சி வெயில்வரை உழைத்த அரை நாள் கூலி ஒரு மணி நேரத்தில் போகிறது. வாரத்துக்கு ஒரு நாள் மூன்று மணி நேரம் என்றால் மாதம் 360 வெள்ளி. சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். இதெல்லாம் தவறே செய்யாமல் ஆடுபவரின் கணக்கு. சாதாரண மனிதர் இழப்பது இதைவிட அதிகம்.

இன்னொரு விஷயம். இதுவரை நாம் போட்ட கணக்கெல்லாம் நேர்மையான மிஷினுக்கு உரியது. நெவாடாவில் 52 சீட்டும் உண்மைச் சீட்டுக்கட்டு போலவே சமமாக வர வேண்டும் என்பது விதி, அதிகாரிகள் சோதிக்கிறார்கள். நம் நாட்டில் சட்டப்படி இயங்கும் காசினோ கெந்திங் மலை ஒன்றில்தான் உண்டு. 1969இல் உரிமம் பெற்று 1971இல் திறக்கப்பட்டது. மற்றபடி, கடைவீட்டின் கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டி, இரும்புக் கதவு போட்டு, உள்ளே நடத்தும் மிஷின்கள் சட்டத்துக்குப் புறம்பானவை. 1953ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்ட இல்லங்கள் சட்டப்படி நடத்துபவரும் குற்றவாளி; உள்ளே உட்கார்ந்து ஆடுபவரும் குற்றவாளி. அந்த மிஷினுக்குள் எத்தனை "இரண்டு" இருக்கின்றன என்று யார் எண்ணிப் பார்த்தார்கள்? பையில் நான்கு சிவப்புக் கொட்டை என்று சொல்லிவிட்டு இரண்டே போட்டிருந்தால் நம்முடைய கணக்கு எப்படிச் சரியாக வரும்? கைபேசியில் ஆசை காட்டும் ஆட்டங்களுக்கும் இதே கேள்விதான்.

"இவ்வளவு நேரம் விழவில்லை, இனிமேல் விழுந்தே தீரும்" என்று சிலர் எழுந்திருக்க மாட்டார்கள். கொட்டைகளைப் பையில் போட்டுக் குலுக்கிய பிறகு, முன்னால் என்ன வந்தது என்று பைக்கு நினைவிருக்குமா? மிஷினுக்கும் இல்லை. நாலு நம்பர் எழுதுபவர்களுக்கும் இது பொருந்தும். போன வாரம் விழாத நம்பருக்கு இந்த வாரம் தனி உரிமை எதுவும் கிடையாது.

பணம் தீர்ந்த பிறகு வருவதுதான் பெரிய ஆபத்து. வாசலிலேயே கடன் கொடுக்க ஆள் நிற்கும். உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் ஈடில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது. 500 வெள்ளிக்கு ஆண்டு வட்டி 90 வெள்ளி. ஆலோங்கிடம் வாரத்துக்குப் பத்து விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் வாரம் 50 வெள்ளி. ஆண்டுக்கு 2,600 வெள்ளி. அப்போதும் அசல் 500 அப்படியே நிற்கும். சூதாடியவர் ஒருவர், வீட்டுச் சுவரில் சிவப்புச் சாயம் வீசப்படும்போது பயந்து நடுங்குவது பிள்ளைகள். மறுநாள் அந்தப் பிள்ளை வகுப்பில் வந்து உட்கார்ந்து எந்தப் பாடத்தைக் கவனிக்கும்?

தாய்மார்களே, தகப்பன்மார்களே! வீட்டில் யாராவது இந்தப் பழக்கத்தில் விழுந்திருந்தால், திட்டுவதாலும் அழுவதாலும் மட்டும் திருந்துவது கடினம். "நான் கெட்டிக்காரன், எனக்கு முறை தெரியும்" என்ற நம்பிக்கைதான் அவரை அங்கே இழுக்கிறது. அந்த நம்பிக்கையைக் கணக்கால்தான் அசைக்க முடியும். ரப்பர் கொட்டைப் பையை அவர் கையில் கொடுங்கள். பிள்ளை எண்ணட்டும், அவர் எடுக்கட்டும். ஒரு மாதம் போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஜெயித்த நாள் மனதில் நிற்கும். தோற்ற நாள் மறந்துபோகும். நோட்டு எதையும் மறக்காது. சம்பளம் போட்ட அன்றே மளிகை, பள்ளிச் செலவு, சேமிப்பு என்று பிரித்து வைத்துவிடுங்கள். கடன் இருந்தால் மறைக்காமல் குடும்பத்தாரிடம் சொல்லிவிட வேண்டும். மிரட்டல் வந்தால் போலீசில் புகார் செய்ய வேண்டும்.

சிறு தொகையால் என்ன ஆகும் என்று எண்ண வேண்டாம். 1960ஆம் ஆண்டு துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம் மக்கள் வேலையும் வீடும் இழந்துகொண்டிருந்தார்கள். பால்மரம் வெட்டியவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் செலுத்தினார்கள். அந்தப் பணத்தால் 1961இல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அவர்கள் யாரும் ஜோக்கரை நம்பியிருக்கவில்லை.

பத்து வெள்ளியை ஆயிரம் பேர் ஒரே பெட்டியில் போட்டால் தோட்டம் வாங்கலாம். அதே பத்து வெள்ளியை மிஷினில் போட்டால், மிஷின் வைத்தவர் தோட்டம் வாங்குவார். எந்தப் பெட்டியில் போடுவது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.