முன்பனிக் காலத்துக் காதல் கதைகள்



டிசம்பர் பிறக்கு முன்பே மேனாட்டுப் புத்தகக் கடைகளில் ஒருவகை நாவல்கள் வந்து குவிந்துவிடுகின்றன. அட்டையில் பனி மூடிய சிற்றூர், சன்னலில் விளக்கு. கதையும் ஏறக்குறைய ஒன்றேதான். பட்டணத்தில் உத்தியோகம் பார்க்கும் பெண் கிறிஸ்துமஸுக்குப் பிறந்த ஊர் திரும்புகிறாள். அவளுக்குச் சற்றும் பிடிக்காத ஆடவன் ஒருவன் எதிர்ப்படுகிறான். பனி வழியை மறிக்கிறது. விடுதியில் எஞ்சியிருப்பது ஓர் அறை. அவ்வறையில் ஒரே கட்டில். அப்பால் நிகழ்வதை ஆசிரியர் சற்றுத் தாராளமாகவே வருணிப்பார். திருநாள் முடிவதற்குள் இருவரும் இணைந்துவிடுவர்.

முடிவு முன்கூட்டியே தெரிந்த கதையில் என்ன சுவை இருக்கிறது என்று கேட்போர் உளர். அக்கேள்வியைத் திருப்பதியில் நின்றுகொண்டு கேட்பதற்கு மிகுந்த துணிவு வேண்டும். ஏனெனில் மலைமேல், சில நாட்கள் நீங்கலாக, நாள்தோறும் கல்யாண உற்சவம் நடைபெறுகிறது. மணமகன் யார், மணமகள் யார், மாலை யார் கழுத்தில் விழும் என்பதை அறியாதவர் அங்கே ஒருவரும் இலர். ஆயினும் கூட்டம் குறைவதில்லை.

அத்திருமணத்தின் தல புராணத்தைத்தான் பாருங்களேன். வேட்டைக்குப் புறப்பட்ட சீனிவாசர், யானை ஒன்றைத் துரத்திக்கொண்டு நாராயணவனத்து மன்னர் ஆகாசராசரின் பூந்தோட்டத்தில் நுழைகிறார். பத்மாவதியைக் காண்கிறார், பேச்சுத் தடிக்கிறது, தோழியர் கல்லெறிந்து விரட்டுகின்றனர். மலைக்குத் திரும்பியவர் உண்ணாமல் படுத்துவிடுகிறார். வகுளமாலிகை பெண் கேட்கப் புறப்படுகிறாள். அவள் போய்ச் சேருமுன் பெருமானே குறி சொல்லும் பெண்ணாக வேடம் புனைந்து அரண்மனைக்குள் புகுந்து, தம் திருமணத்துக்குத் தாமே குறி சொல்லிவிடுகிறார்! முதற்சந்திப்பில் பூசல், பிரிவு, மாறுவேடம், இடையில் நின்று காரியம் முடிக்கும் அன்னை, கலியாணச் செலவுக்குப் பணமில்லாத தொல்லை: மேனாட்டு நாவலாசிரியர் வேண்டுவன அனைத்தும் இங்கே உண்டு. பனி ஒன்றுதான் இல்லை.

பனியும் நமக்குப் புதிதன்று. தலைவனும் தலைவியும் கூடும் குறிஞ்சித் திணைக்குத் தொல்காப்பியம் வகுத்த பெரும்பொழுது கூதிர். முன்பனியும் அதற்கு உரியது. சிறுபொழுதோ நள்ளிரவு. மார்கழியும் தையும் முன்பனிக் காலமாதலால், கிறிஸ்துமஸ் நாளும் அதனுள்ளேயே அடங்குகிறது. குளிர் மிகுந்த இரவும், மலையும், மறைவான சந்திப்பும் சேர்ந்தால் என்ன நிகழும் என்பதை நம் முன்னோர் இலக்கணமாகவே எழுதி வைத்துவிட்டனர். அவர்களுக்கும் கதைத்தலைவன், தலைவி, தோழி, செவிலி என்ற பாத்திரங்கள் முன்னமே தீர்மானமானவை. கட்டளைக்கு உட்பட்ட காதல் கதை கலையாகாது என்பார், சங்க அகப்பாடல்களை எங்கே வைப்பார்களோ, அறியோம்.

இனி, சிருங்காரம் சற்று மிகுதி என்ற குறை. தாள்ளபாக்கம் அன்னமாசாரியார் 1408 முதல் 1503 வரை வாழ்ந்தவர் என்பது மரபு. திருவேங்கடமுடையான்மீது அவர் பாடியவை முப்பத்தீராயிரம் என்பர். செப்பேடுகளில் கிடைத்துள்ளவற்றுள் ஆன்மிகப் பாடல்களைவிடச் சிருங்காரப் பாடல்களே மிகுதி. அலமேல்மங்கையின் ஊடலும், விடியற்காலையில் அவள் திருமேனியில் தெரியும் அடையாளங்களும் அவற்றில் ஒளிவுமறைவின்றி வருகின்றன. அவ்வகைப் பாடல் ஒன்றைக் கேட்டுச் சுவைத்த சாளுவ நரசிம்மன், தன்மீதும் அப்படி ஒன்று பாடுமாறு வற்புறுத்தினான் என்றும், கவிஞர் மறுத்துச் சிறை புகுந்தார் என்றும் சொல்வார்கள். மன்னன் கேட்டது சிருங்காரப் பாட்டு. அதில் குறையொன்றும் அவன் காணவில்லை என்பது நோக்கத்தக்கது.

நம் காலத்துக்கு வருவோம். 1969இல் தொடங்கிய ராணிமுத்து, நாவலை மலிவு விலையில் பேருந்து நிலையத்துக் கடைவரை கொண்டுவந்தது. ரமணிசந்திரன் நூற்றுக்கும் மேற்பட்ட காதல் நாவல்களைத் தமிழில் எழுதினார். தெலுங்கிலோ யத்தனபூடி சுலோசனா ராணியின் ‘செக்ரட்டரி’ 1960களில் இல்லந்தோறும் புகுந்து, 1976இல் திரைப்படமும் ஆயிற்று. சித்தூர், திருப்பதிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் இவ்விரு மொழி நாவல்களையும் மாறி மாறிப் படித்த பெண்மணிகள் உண்டு. பாடப்புத்தகத்தின் நடுவே வைத்துப் படித்தவர்களும் உண்டு, பிடிபட்டவர்களும் உண்டு.

இந்நாவல்கள் எல்லாவற்றையும் நாம் ஒன்றுபோல் பாராட்டிவிட முடியாது. கதாநாயகன் செல்வனாகவும் முரடனாகவும் இருந்தே தீரவேண்டும் என்ற பிடிவாதம் சலிப்பூட்டுகிறது. அவன் பெண்ணின் கையைப் பற்றி இழுப்பதையும், அவள் மறுப்பைப் பொருட்படுத்தாததையும் ஆண்மை என்று காட்டும் கதைகள் நல்ல கதைகள் அல்ல. சீனிவாசரே கல்லடி பட்டுத் திரும்பிப் போனவர்தாம். பெண் வீட்டார் இசைந்த பின்னரே மணக்கோலம் பூண்டார்.

ஆயினும் இக்கதைகளின் கவர்ச்சி முத்தத்தில் மட்டும் இல்லை என்று கருதுகிறோம். பண்டிகை என்பது இல்லத்தரசிக்கு உழைப்பு மிகுந்த காலம். ஒட்டடை அடித்து, மாவு அரைத்து, வந்தவர்க்கெல்லாம் பரிமாறி ஓய்ந்தபின் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில், இடையில் எவரும் சாகமாட்டார் என்ற உறுதியோடு ஒரு நூலைத் திறப்பது பெரிய இளைப்பாறல். இன்னொன்றும் உண்டு. அக்கதைகளில் முதலில் நிகழ்வது காதலன்று, ஊர் திரும்புதல். பட்டணத்துப் பெண் பெட்டியுடன் வந்து இறங்குகிறாள், வாயிற்கதவு திறக்கிறது, அவளுக்காக ஒருவர் காத்திருக்கிறார். புனேயிலும் தில்லியிலும் ஐதராபாத்திலும் விடுமுறை கிடைக்காமல், தீபாவளியையும் பொங்கலையும் தொலைபேசியிலேயே கொண்டாடி முடிக்கும் நம் நேயர்களுக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. பேச்சில் மட்டும் தமிழ் எஞ்சியிருக்கும் வீடுகளில், கனத்த நூல் எதுவும் நுழையாத இடத்திலும் இம்மெல்லிய நாவல் நுழைந்து, தமிழெழுத்தைக் கண்ணுக்குப் பழக்கமாகவே வைத்திருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மார்கழியில் திருமலைக்கு வருவோர் கவனித்திருக்கலாம். அம்மாதம் முழுவதும் விடியலில் சுப்ரபாதத்துக்கு மாறாக ஆண்டாளின் திருப்பாவை ஒலிக்கிறது. தெலுங்கு நாட்டு மலையில், முன்பனி இருளில், ஒரு தமிழ்ப்பெண்ணின் காதற்குரல் கேட்கிறது. கீழே பேருந்து நிலையத்திலோ, கலியாணத்துக்குக் குபேரனிடம் வாங்கிய கடனுக்கு இன்னும் வட்டிதான் கட்டப்படுகிறது, முதல் அப்படியே நிற்கிறது என்று சொல்லிச் சிரித்தபடி, உண்டியலில் போடவேண்டியதை மடியில் முடிந்துகொண்டு நிற்கிறார்கள் மக்கள்.