பச்சைக் கறியும் ஒரு டீஸ்பூன் முட்டை ஓடும்

திருநீர்மலையிலிருந்து பேசுறேன். வீடு மலையடிவாரத்துல, அதனால பின்னாடி கோயில் மணி கேட்டா கண்டுக்காதீங்க.

நாய்க்குப் பச்சைக் கறி போடலாமா என்று நிறைய பேர் கேட்டிருந்தீங்க. பதில் சொல்வதற்கு முன்னால் நான் பண்ணின தப்பைச் சொல்லிடறேன்.

எங்க நாய் பேரு கருப்பன். சிப்பிப்பாறை கலப்பு. மூணு மாசக் குட்டியா வந்தான். அம்மா தயிர் சாதம் பிசைந்து வைப்பாங்க. எனக்கு மனசே கேட்கலை. "நாய் ஓநாய் வம்சம்மா, அதுக்கு எதுக்கு சோறு?" என்று சண்டை போட்டு, எக்செல் ஷீட்டில் கணக்குப் போட்டு, முழுசா கறிக்கு மாத்தினேன். எலும்பு தொண்டையில் மாட்டிக்குமோன்னு பயம். அதனால எலும்பில்லாத சிக்கன், கூட கொஞ்சம் ஈரல். அவ்வளவுதான் மெனு.

ரெண்டு மாசம் எல்லாம் சூப்பர். ஆசையா சாப்பிட்டான், வெயிட் ஏறிச்சு, நானும் ஆபீஸ்ல எல்லாருக்கும் போட்டோ காட்டினேன். ஒருநாள் படியிறங்கும்போது கத்தினான். அப்புறம் பின்னங்காலை ஊன்றவே இல்லை. எக்ஸ்ரேயில் எலும்பெல்லாம் வெளுத்து, மெலிந்து தெரிந்தது. தொடை எலும்பில் ஒரு சின்ன முறிவு.

டாக்டர் மேடம் கேட்டாங்க: "என்ன சாப்பாடு தம்பி போடுறீங்க?" பெருமையா சொன்னேன். "சரி, இதுல கால்சியம் எங்கேயிருந்து வருது?" என்னிடம் பதில் இல்லை. என் ஷீட்டில் அப்படி ஒரு காலமே கிடையாது.

கணக்கு இதுதான். ஒரு கிலோ கறியில் பாஸ்பரஸ் சுமார் 2000 மில்லிகிராம். கால்சியம் 100 மில்லிகிராம் இருந்தாலே அதிகம். ஆனா நாய்க்குக் கால்சியம் பாஸ்பரஸைவிடக் கொஞ்சம் கூடுதலா, கிட்டத்தட்ட 1.2க்கு 1 என்ற அளவில் வேணும். சாப்பாட்டில் கிடைக்காதபோது உடம்பு என்ன செய்யும்? பாராதைராய்டு சுரப்பி வேலையைக் கூட்டி, எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி ரத்தத்துக்குக் கொடுக்கும். ரத்தத்தில் அளவு சரியாவே இருக்கும். நாய் துள்ளி விளையாடும். உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும். நம்ம பாஷையில சொன்னா, எரர் மெசேஜே வராத பக்.

அப்படின்னா பச்சைக் கறி முறையே தப்பா? ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் 1993ல் இதைப் பத்திப் புத்தகம் எழுதினார். அவர் எலும்பு போடச் சொன்னார், காய்கறியும் சேர்க்கச் சொன்னார். இன்னொரு கூட்டம் 80:10:10 என்று சொல்லும்: சதை 80, தின்னக்கூடிய பச்சை எலும்பு 10, ஈரல் முதலான உள்ளுறுப்பு 10. இதுலயும் துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி, ஈ எல்லாம் குறையலாம். வெயிலில் படுத்தாலும் நாயின் தோல் போதுமான வைட்டமின் டி தயாரிக்காது. சரி, ஈரலை அள்ளிப் போடலாம்னா வைட்டமின் ஏ அளவுக்கு மீறிப் போகும். அதனாலதான் பல வகை வேணும். தினமும் சிக்கன் போட்டுட்டு அதைச் சமச்சீர் உணவுன்னு சொல்ல முடியாது.

ஓநாய் வாதத்துக்கும் வருவோம். 2013ல் வந்த ஸ்வீடன் ஆய்வு ஒன்று, மாவுச்சத்தைச் செரிக்க உதவும் ஜீன் ஓநாயைவிட நாய்க்குப் பல மடங்கு அதிகப் பிரதிகளில் இருப்பதைக் காட்டியது. நம்மோடு வாழ்ந்து நம்ம சோத்துக்குப் பழகின பிராணி அது. அம்மா ஜெயிச்சாங்க, பாதி.

இன்னொரு விஷயம் நம்ம ஊருக்கு ரொம்ப முக்கியம். கறிக்கடையில் ஆட்டு ஈரலிலோ நுரையீரலிலோ சில சமயம் நீர்க்கட்டி இருக்கும். அதைப் பச்சையாத் தின்ற நாயின் குடலில் சில மில்லிமீட்டர் நீளமுள்ள நாடாப்புழு வளரும். அதன் முட்டை மலத்தில் வந்து, முடியில் ஒட்டி, நம்ம கை வழியா வாய்க்குப் போனா, நம்ம கல்லீரலில் அதே கட்டி வரும். சால்மொனெல்லாவும் அப்படித்தான். நாய்க்கு ஒண்ணும் ஆகாம இருக்கலாம், வீட்டுல இருக்கற பாட்டிக்கும் கைக்குழந்தைக்கும் ஆகும். ஃப்ரீசரில் வைத்தாலும் அந்தக் கிருமி சாகாது.

இப்போ நான் செய்யறது: கறியை வேக வைத்துவிடுகிறேன். சிக்கன், மட்டன், முட்டை, வேகவைத்த மத்தி என்று மாத்தி மாத்தி. ஈரல் கொஞ்சமா. கூட சோறு இல்லைன்னா கேழ்வரகு, பூசணிக்காய். ஒரு கிலோ எலும்பில்லாத கறிக்கு நைசா அரைச்ச முட்டை ஓடு சுமார் 6 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன். மத்த சத்துக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த பவுடர். நேரத்துக்குக் குடற்புழு மாத்திரை. வெந்த எலும்பு மட்டும் கிடையவே கிடையாது. உடைஞ்சு குடலைக் குத்தும்.

குட்டி வச்சிருக்கறவங்க தயவுசெஞ்சு வீட்டுல பரிசோதனை பண்ணாதீங்க. வளர்ற எலும்பு காத்திருக்காது. ஒரு வயசு வரைக்கும் குட்டிகளுக்கான முழுமையான தீவனம் போடுங்க, இல்லைன்னா டாக்டர் போட்டுக் கொடுத்த அளவு.

கருப்பன் ஆறு வாரம் கூண்டுல கிடந்தான். எழுந்துட்டான், ஆனா வலது பின்னங்கால் லேசா கோணல். காலையில நடக்கும்போது அந்தக் கால் வைக்கிற தினுசைப் பார்ப்பேன். பாவம், என்னைக் கண்டா இன்னும் வாலைத்தான் ஆட்டறான்.

உங்க நாய்த் தட்டுல கால்சியம் எங்கேயிருந்து வருதுன்னு இன்னிக்கு ராத்திரி ஒரு தடவை யோசிங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.